கதவருகே வைத்த பை

வகுப்பில் ஒரு பிள்ளையின் கையை என் மகள் கடித்துவிட்டாள் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தேன். பல் பதிந்த இடம் நீலம் பாரித்திருந்தது.

"என்ன நடந்துச்சு டீச்சர்?"

"ஒண்ணுமே இல்லங்க. மழ இருட்டுச்சு. அந்தப் புள்ள எந்திரிச்சு பேக்கை மாட்டுனா. இவ பாஞ்சிட்டா. இன்னொரு தடவ நடந்தா வீட்டுலயே வச்சுக்கச் சொல்லிருவாங்கம்மா."

மகளுக்கு எட்டு வயது. போன மழையில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலை சரிந்து, பக்கத்து மூன்று வீடுகளை மூடியது. நாங்கள் ஓடித் தப்பினோம். பல வாரங்கள் பாடசாலை மண்டபத்தில் படுத்துக் கிடந்துவிட்டு, உக்குவளை ஊரில் இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம். கணவர் கொழும்பில் வேலை செய்கிறார். மலை சரிந்த பிறகுதான் அவள் தட்டை எறிவதும், சுவரில் தலையை மோதுவதும். "வீட்டுல சிறுத்தைக் குட்டியா வளக்கிறீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். உள்ளே வந்து அழுதேன்.

அந்த மழைக்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள் வீட்டில் எல்லாம், ஓட வேண்டி வந்தால் தூக்க ஒரு பை இருக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருந்து, டோர்ச். வானம் கறுத்தால் அதை ஆணியிலிருந்து எடுத்துக் கதவருகே வைப்பேன். செருப்புகளை வாசல் பக்கம் திருப்பி வைப்பேன். ஒருநாளும் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மறுநாள் பின்னேரம் இடி கேட்டது. ஆணியில் பை இல்லை. கட்டிலுக்கு அடியில், அலுமாரியில், எங்குமே இல்லை.

"பை எங்கடி?"

அவள் சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அடித்துவிட்டேன். பின்பக்கத்துத் தண்ணீர்ப் பீப்பாயைக் காட்டினாள். உள்ளே தண்ணீருக்கு அடியில் கிடந்தது பை, மேலே ஒரு கல்லோடு.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"நீங்க பைய எடுத்தா மல வரும்மா."

மலை சரிந்த அன்றைக்கும் முதலில் நான்தான் அவசர அவசரமாகத் துணிமணிகளை ஒரு பையில் திணித்தேன். பிறகுதான் அந்தச் சத்தம். அவள் கண்ட வரிசை அதுதான்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "மழைக்கு நாப்பது புள்ளைங்க பேக் மாட்டுறத நான் எப்படிங்க தடுக்குறது?" என்றார். நியாயம்தான். ஆனாலும் அவளை முன் பெஞ்சில், தன் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

சான்றிதழ்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். அவளுடையதில் மை பரவிவிட்டது.

இன்று மூன்று மணிக்கு மறுபடி இருட்டியது. பை ஆணியில் தொங்கியது. நான் எழுவதற்குள் அவள் என் மடியில் ஏறி, என் இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். தகரத்தில் மழை கொட்டியது. இந்த வீட்டுக்குப் பின்னாலும் ஒரு மேடு இருக்கிறது. என் காது அங்கேயே இருந்தது.

கை மரத்துப்போனது. நான் எடுக்கவில்லை.