படம் உள்பக்கமாக

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். மிச்ச நேரத்தில் குப்பையை ஒட்டி முகங்கள் செய்கிறேன். திராட்சைப் பெட்டி அட்டை, சொட்டுநீர்க் குழாய், ஏலக்காய்ச் சாக்கு, கிழிந்த பேனர் என்று கையில் எது கிடைக்கிறதோ அது. காமயகவுண்டன்பட்டியில் பேனருக்கு மட்டும் பஞ்சமே வராது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஆளுயரத்துக்கு ஒன்று கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பேனர்களோடு எனக்குத் தீராத சண்டை. அதில் ஒருவர்கூட நம் நிறத்தில் இருப்பதில்லை. பேனர் அடிக்கும் கடைக்காரர் எல்லோரையும் வெளுத்து அனுப்புகிறார். வெயிலில் வெந்த சித்தப்பாகூட சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நிற்பார். வீடு நிறையப் பேனர் வைத்திருந்தும் ஒரு கறுத்த கன்னத்துக்கு உள்ளங்கை அகலத் துண்டு தேறாது.

பேனர் சேர்ப்பதில் எனக்குப் போட்டி, மலைக்குப் போகும் பெண்கள். காலையில் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள். மழைக்குப் பேனரைப் போர்த்தி இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வார்கள். படம் உள்பக்கம், வெறும் வெள்ளை வெளிப்பக்கம். மாற்றிக் கட்டினால், "யாரை முதுகுல சுமந்துட்டுப் போற?" என்று ஜீப் இறங்கும்வரை கேலி நடக்கும். செத்தவர்கள் பேனரை அவர்கள் தொடமாட்டார்கள். அது எனக்கு வரும்.

அவர்களில் ஒருவர் என் மதினி, பெரியப்பா மகனின் மனைவி. நல்ல கறுப்பு. வாயும் அதற்குக் குறைவில்லை. தோட்டத்து மேஸ்திரிக்கு அவர் சேச்சி, கோபம் வந்தால் பாண்டிக்காரி. இங்கே ஊரில் மலைக்காரி.

"ரெண்டு பக்கமும் பேரு வைக்கிறாக. எங்கய்யா வச்ச பேருதான் ஒருத்தருக்கும் வாயில நுழையல" என்பார்.

போன வருடம் தேனியில் ஒரு கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பு 'பண்பாட்டு அடையாளம்'. கேட்டதும் கொட்டாவிதான் வந்தது. ஆனாலும் மதினியின் முகத்தைச் செய்யலாம் என்று தோன்றியது. அவரிடமே போய்க் கேட்டேன்.

"என் மூஞ்சியவா? ஏய்யா, கண்காட்சிக்குத் திருஷ்டிப் பொம்மை கிடைக்கலையா?" என்று சிரித்தார். சிரிப்பு நின்றதும், "என்னைய வெளுத்துப்புட மாட்டியே?" என்றார்.

மாட்டேன் என்றேன். அவர் ஏன் கேட்டார் என்பது தெருவுக்கே தெரியும். மகள் கல்யாணப் பேனரில் இரண்டு வீட்டுச் சொந்தமும் இருந்தது, மாப்பிள்ளையின் கூட்டாளிகள்கூட இருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர் மட்டும் இல்லை. மதினியிடம் இருந்தது ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரே படம். அதை வெளுத்தால் சாம்பல் பூசியது போல வருகிறது என்று கடைக்காரர் நீக்கிவிட்டார். வீட்டிலும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கு மதினி பந்தியில் பரிமாறிக்கொண்டு அந்தப் பேனரைத் தாண்டித் தாண்டிப் போனார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, முகம் வரவில்லை. சைக்கிள் ட்யூப் வெறும் கரியாக இருந்தது. சாக்கை ஒட்டினால் காமாலை வந்தவர் போல ஆனார். பெயிண்ட் பூசலாம், பூசினால் எனக்கும் அந்தக் கடைக்காரருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வீம்பு. கண்காட்சியும் நெருங்கிவிட்டது. முடியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

நல்ல மழை. அடுப்படிக் கொடியில் மழைப் பேனர் காய்ந்துகொண்டிருந்தது, படம் அடுப்பைப் பார்த்தபடி. மகளின் கல்யாணப் பேனர். அதைத்தான் அவர் அத்தனை மழைக்கும் போர்த்திப் போயிருக்கிறார். வேர்வையும் ஏலக்காய்க் கறையும் விறகுப் புகையும் ஏறி, வெளுத்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கறுத்திருந்தார்கள். அசல் மதினியின் நிறம்.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். கொடியிலிருந்து உருவி என் மடியில் போட்டார்.

"இதுல எல்லாரும் இருக்காக. நான்தான் இல்ல. இதுலயே என்னையச் செஞ்சுரு."

"மழைக்கு என்ன செய்வீங்க மதினி?"

"நனையிறேன்."

செய்தேன். சம்பந்தியம்மாவின் கன்னம் நெற்றியானது. மாப்பிள்ளையின் கழுத்து மூக்கானது. மகள் முகத்தில் மட்டும் கத்தரி வைக்க மனம் வரவில்லை; சுற்றி வெட்டி எடுத்து மதினியிடமே கொடுத்துவிட்டேன்.

கண்காட்சிக்கு வந்த மதினி வெகுநேரம் படத்தின் முன்னால் நின்றார். பிறகு நெற்றியைக் காட்டி, "இங்கன இருக்கது சம்பந்தியம்மாதான?" என்றார். ஆமாம் என்றேன்.

"அவுகளும் கறுத்துட்டாக" என்றார், ரொம்பத் திருப்தியாக. நான் சிரித்துவிட்டேன்.

நடத்தியவர்கள் அந்த முகத்தையே வாசல் பேனரிலும் போட்டிருந்தார்கள். வெளுத்துவிடுவார்களோ என்று அச்சடித்து முடியும்வரை நானே கடையில் காவல் நின்றிருந்தேன். கண்காட்சி முடிந்ததும் அதை அவிழ்த்துவந்து, மழைக்கு ஆகுமே என்று மதினியிடம் கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டார்.

மறுவாரம் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது ஜீப் நிற்கும் இடத்தைக் கடந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் வெள்ளை முதுகோடு ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக மதினி. பேனரைப் படம் வெளியே தெரியக் கட்டியிருந்தார்.

உள்ளேயிருந்து ஒரு பெண், "யாரைக்கா முதுகுல சுமந்துட்டு வர்ற?" என்று கூவினாள்.

"என்னையத்தான்டி" என்று சொல்லிவிட்டு மதினி ஏறி உட்கார்ந்தார்.