சிவப்புப் பொத்தான்

அந்த டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்க ஒரு பொத்தான் போதும். குரலைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் சிவப்புப் பொத்தானையும் அதன் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு விரல்கள் வேண்டும், கொஞ்சம் பலமும் வேண்டும். தெரியாமல் கைபட்டுப் பதிவாகிவிட்டது என்று சொல்ல அந்த இயந்திரம் எனக்கு வழி வைக்கவில்லை.

அதை என் மனைவிக்காகத்தான் வாங்கினேன். அப்போது வங்காளத்தில், கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். மகளுக்கு ஒரு நல்ல ஆங்கிலப் பள்ளியில் இடம் கேட்டிருந்தோம். அங்கே குழந்தையோடு தாய் தகப்பனையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவன். அவள் திருநெல்வேலிப் பக்கம் பள்ளிப் படிப்போடு நின்றவள். "எனக்குப் பேச வராதுன்னு பிள்ளைக்கு இடம் இல்லாமப் போயிரக் கூடாதுங்க" என்றாள். கிதிர்பூரில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைக்குப் போய் டேப் ரெக்கார்டரையும், அன்றாட ஆங்கிலம் கற்றுத் தரும் கேசட் ஒன்றையும் வாங்கி வந்தோம். வழியெல்லாம் அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

கேசட்டில் ஒரு வெள்ளைக்காரர் நிதானமாகப் பேசுவார். குட் மார்னிங், ப்ளீஸ் சிட் டவுன், ஹவ் இஸ் யுவர் ஃபேமிலி. நான் அலுவலகம் போனபின் அவள் அதைப் போட்டுக்கொண்டு சமைப்பாள். புரிந்து படிப்பதைவிட, ஸ்லோகம் போல மொத்தமாக மனப்பாடம் செய்வதுதான் அவளுக்குத் தெரிந்த முறை. அதனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அவர் சொல்லும் 'ரிபீட் ஆஃப்டர் மீ' என்பதையும் சேர்த்தே ஒப்பிப்பாள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணைப் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள்; பௌதி வந்தால் அவளிடமும் சொல்லிப் பார்ப்பாள். பௌதிக்கும் ஆங்கிலம் வராது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு வெட்கம் இருந்ததில்லை.

பூஜை விடுமுறையில் நான் வீட்டில் இருந்த ஒரு காலை. கேசட் முடிந்த பின்னும் அவள் சமையலறையில் பீர்க்கங்காய் சீவியபடி, நினைவிலிருந்தும், மகளைப் பற்றித் தானே கட்டியும் வாக்கியங்கள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் ஒரு வெற்றுக் கேசட்டை மாற்றிப் போட்டு, டேப் ரெக்கார்டரை ஜன்னலோரம் நகர்த்தி, இரண்டு பொத்தான்களையும் அழுத்தினேன். ஏன் செய்தேன் என்றால், வேடிக்கையாக இருந்தது. அவ்வளவுதான். இதைவிட நல்ல காரணம் ஒன்று கிடைக்குமா என்று பல வருடங்கள் தேடிப் பார்த்துவிட்டேன்.

விஜயதசமி கழிந்து வங்காளிகள் வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்லி இனிப்புச் சாப்பிடும் நாள்களில் என் அலுவலக நண்பர்கள் வந்தார்கள். பேச்சு வாக்கில், "ஒரு தமாஷ் கேக்கறீங்களா?" என்று கேசட்டைப் போட்டேன். ரிபீட் ஆஃப்டர் மீ, மை டாட்டர் லைக்ஸ் கர்ட் ரைஸ். ரிபீட் ஆஃப்டர் மீ, ஷி ஈஸ் எ குட் கேர்ள். "சார், இங்கிலீஷ் நியூஸ் வாசிக்க மேடத்தை அனுப்பிடலாமே" என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தேங்காய் உருண்டைத் தட்டோடு அவள் வாசற்படியில் நின்றிருந்ததை நான் பார்த்தபோது, அவள் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தட்டை வைத்தாள். "சாப்பிடச் சொல்லுங்க" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு அந்த வெள்ளைக்காரரின் குரல் எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

பள்ளியில் தலைமை ஆசிரியை என்னிடம் ஏதேதோ கேட்டார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, குழந்தைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டார். அவளிடம் கைவசம் இருந்த விடை, அந்தத் தயிர் சாத வாக்கியம். உதடு பிரிந்ததைப் பார்த்தேன். சொல்லப் போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் அவள் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். உதடு மூடிக்கொண்டது. "எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள்" என்று நான் முந்திக்கொண்டேன். "நான் அம்மாவைக் கேட்டேன்" என்றார் ஆசிரியை.

இடம் கிடைக்கவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் ஊரில் எல்லாரிடமும் அவளால்தான் போயிற்று என்று சொன்னேன். மகள் வளர்ந்த பின் அவளிடமும் சொன்னேன்: "உங்கம்மா அன்னைக்கு வாயைத் திறந்திருந்தா நீ எங்கயோ போயிருப்பே." அந்த வயதில் மகளும் அதைச் சண்டையில் திருப்பித் தாயிடம் சொன்னதுண்டு. கேசட்டைப் பற்றி அவள் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னாளில் காய்கறிக்காரர்கள் அசந்துபோகும் அளவுக்கு வங்காள மொழி பேசினாள். அதை நான் இல்லாத இடங்களில்தான் கற்றுக்கொண்டாள்.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் இப்போது நியூ டவுனில் மகளின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். பழைய பெட்டியில் அந்தக் கேசட் அகப்பட்டது. மகள் அதைக் கடையில் கொடுத்து ஃபோனில் ஏற்றி வந்தாள். அவள் அம்மாவின் குரல் வேறெதிலும் இல்லை. கேட்டுக் கேட்டு அழுதாள். "எவ்ளோ அழகா பேசறா, அப்பா. எனக்குத் தெரியவே தெரியாதே" என்றாள். கடைசியில், அடக்கப் பார்த்தும் அடங்காமல், ஒரு ஆண் சிரிப்பு பதிவாகியிருக்கிறது.

"யாருப்பா அது சிரிக்கறது?"

"பக்கத்து வீட்டுல யாராவது இருக்கும்."

"சரி, அதை மட்டும் வெட்டிடறேன். ஆப் இருக்கு." விரலைத் திரையில் வைத்தாள்.

வெட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "வெட்டாதே. அது நான்" என்றேன். ஜன்னலோரம் டேப் ரெக்கார்டரை நகர்த்தியதிலிருந்து பள்ளி அறை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷம் நானும் அம்மாவைத்தான் சொல்லிட்டிருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இப்போதும் சாயங்காலங்களில் பால்கனியில் உட்கார்ந்து அம்மாவைக் கேட்கிறாள். இயர்ஃபோன் மாட்டிக்கொள்கிறாள், எனக்குக் கேட்பதில்லை. பழைய டேப் ரெக்கார்டர் என் அறையில் இருக்கிறது. கேசட்டைப் போடலாம் என்றால் மோட்டார் சுற்றவில்லை. சிவப்புப் பொத்தான் மட்டும் இன்னும் நன்றாக அழுந்துகிறது.