ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவர்

பாகூரில் என் ஒலிப்பதிவு அறை வாசலில் அந்த அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிந்தசைசரும் டிரம் மெஷினும் மட்டுமே வைத்துச் சொந்தப் பாட்டு போட்ட குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அவர். பள்ளிக்கூட வயதிலிருந்தே அந்தக் குழு என்றால் எனக்குப் பைத்தியம். இப்போது அவர்களுடைய புதுப் பாட்டுகளைத் தயாரிப்பது நான்!

ஒட்ட வெட்டிய நகம், வெயிலில் வெளுத்த துப்பட்டா, நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தடம். ஹெட்போனைத் தொடவே மாட்டார். கதவைத் திறந்துவைத்து ஸ்பீக்கரில் பாட்டைப் போடச் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய்க் கரும்புக்கொல்லை ஓரமாக நின்று கேட்பார். திருவிழா ஸ்பீக்கரில் வாசித்துப் பழகியவர். தூரத்தில் நிற்கிற ஆளுக்குத்தான் பாட்டு என்பார்.

முதல் பாட்டில், அவர்களுடைய பழைய பாட்டுகளில் வருகிற விசில் மாதிரியான சத்தத்தைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தேன். பாராட்டப்போகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாபா, அப்படியே எங்க பழைய பாட்டு மாதிரி இருக்குது?"

"அதுக்குத்தானேக்கா இவ்ளோ கஷ்டப்பட்டேன்!"

"அதத்தான் நாங்களே வாசிச்சிட்டமே. திருப்பி எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. தன் பாட்டின் அருமை இவருக்கே தெரியவில்லையே என்று முனகிக்கொண்டு அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். பாட்டு முடிந்தும் அக்கா உள்ளே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கக்கத்தில் இடுக்கிய ஹெல்மெட்டின் மேல் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நல்லாருக்காக்கா?" என்று கத்தினேன்.

"தெர்லபா, இன்னொரு வாட்டி போடு!"

இத்தனை வருஷமும் நான் அவருடைய பாட்டுக்குத்தான் ரசிகன் என்று நினைத்திருந்தேன். இல்லை, வாசித்ததையே திருப்பி வாசிக்காத இந்த ஆளுக்குத்தான்.