மூன்று பாட்டு நேரம்

1981 டிசம்பர் 26, சனிக்கிழமை, மாலை 5.40. பனிமூட்டம், காற்றில்லை.

போடிக்கு இறங்கும் கடைசி ஜீப்பு, தோட்ட முதலாளிகளின் கிளப் வாசலில் நிற்கிறது. மகள் வீட்டிலிருந்து திரும்பும் என்னோடு ஏழு பேர். உள்ளே நடனம். எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் பாட்டு பனியோடு மிதந்து வருகிறது. ஏலக்காய் வாசனையும் அப்படித்தான்.

கேட்டுக்கு வெளியே கோட்டும் டையுமாக ஒரு கென்யா இளைஞன். மதுரையில் படிக்கிறான். கூடப் படிக்கும் தோட்டக்காரர் மகன் சேகர் அழைத்து வந்தானாம். வெளியூராருக்கு அனுமதியில்லை என்று காவலாள் இவனை மட்டும் விடவில்லை. செயலாளரிடம் பேசிவிட்டு வருவதாக உள்ளே போன சேகரைக் காணோம்.

"இப்ப ரெண்டு வெள்ளக்காரன் போனாகளே, அவுக மட்டும் உள்ளூரா?" என்கிறார் டிரைவர்.

"என்னய ஏண்ணே கேக்குற? நானே உள்ள போனதில்ல" என்கிறான் காவலாள்.

டிரைவர் என்னைப் பார்க்கிறார். "கெளம்பவா பெரியவரே? நின்னா பாட்டுக்கு ஒரு ரூவா."

எனக்குச் சளி. கீழே பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஆனாலும், "சேகர் வரட்டும். வரலைன்னா இந்தத் தம்பிக்கு வேற வண்டியில்ல, நில்லப்பா" என்கிறேன்.

இளைஞன் கண்மூடித் தலையசைக்கிறான். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் கேட்கிறது. இரண்டாவதும் முடிகிறது. மூன்றாவதில் பனி சற்றே விலக, மஞ்சள் சன்னலுக்குள் ஒருவன் சுழன்று ஆடுகிறான்.

"சேகர்தான்" என்கிறான் இளைஞன். "நல்லா ஆடுறான். போகலாம் ஐயா."

எனக்கும் அவனுக்கும் ஜீப்புக் கட்டணம் ஆறு ரூபாய், மூன்று பாட்டு நேரம் நின்றதற்கு மூன்று. ஆக நான் கொடுத்தது ஒன்பது ரூபாய்.