மணலில் நின்ற தண்ணீர்

மணலைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் நான். பிறந்தது தேரிக்காட்டுப் பக்கம். எங்கள் ஊர்ச் செம்மணலில் எத்தனை குடம் கவிழ்த்தாலும் மறுநிமிடம் தடம் தெரியாது. ஆகவே மணல் என்றால் தண்ணீர் நிற்காது, செடி வாடினால் தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று நம்பியிருந்தேன். தில்லிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த நம்பிக்கை ஆடவில்லை. இதில் குழம்ப என்ன இருக்கிறது? ஆனாலும் குழம்பினேன். இன்றைக்கும் முழுதாகத் தெளிந்த பாடில்லை.

மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் பின்சுவரைத் தாண்டினால், யமுனைப் பக்கமாக ஒரு துண்டுக் காடு. யாரோ எப்போதோ நட்ட தைலமரங்கள், தானாக முளைத்த நாவல், நடுவில் சீமைக்கருவேல். தரை முழுக்கச் சருகு. அதை ஒதுக்கினால் இரண்டு விரற்கடைக்குக் கறுப்பு மண், அதற்குக் கீழே வெளுத்த மணல். அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். ஒரு கோடையில் அடித்த புழுதிக்காற்றில் இரண்டு தைலமரங்கள் சாய்ந்தன. வேர் ஆழமாகவே இறங்காமல் பக்கவாட்டில் பரவியிருந்தது. அத்தனை பெரிய மரத்துக்கு இவ்வளவு மேலாகவா வேர் இருக்கும் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். "சோம்பேறி மரம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன ஆண்டு மழை முடிந்த கையோடு அந்தக் காட்டில் இருபத்து நான்கு வேப்பங்கன்று நடலாம் என்று சொசைட்டிக் கமிட்டியில் சொன்னது நான்தான். தண்ணீர் ஊற்ற ஒரு பெண்ணை அமர்த்தினோம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். ஆற்றோரக் குடிசைப் பகுதியில் வீடு. ஏற்கெனவே எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி, ஒவ்வொரு கன்றுக்கும் தப்பாமல் ஊற்ற வேண்டும் என்று அளவு சொன்னதும் நான்தான்.

மூன்றே வாரத்தில் கன்றுகள் வாட ஆரம்பித்தன. இலை மஞ்சளித்துத் தொங்கியது. மேல்மணலோ மாலை நேரத்தில் பொரிபொரியென்று காய்ந்து கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எம்மா, தண்ணி ஊத்துறியா, இல்ல ஏமாத்துறியா?"

"ஊத்தறன் சார். ரெண்டு வேளையும் ஊத்தறன்."

"அப்ப ஏன் இப்படி வாடிக் கெடக்கு?"

"அடியில சேறா இருக்குது சார். வேரு அழுவுது போல."

"மணல்ல ஏதும்மா சேறு? எங்கிட்டயே கத விடுறியா?"

அவள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். நான் நிறுத்தவில்லை. பால்கனிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அதோடு விட்டேனா? நேரே ஆபீஸ் அறைக்குப் போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன்: கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை, கேட்டால் பொய் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி விசாரிக்கும். புகார் உண்மை என்றால் அவளுடைய கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். பாஸ் இல்லாதவர்களை வாசலில் காவல் நிற்கும் கார்டு உள்ளே விடமாட்டான். கன்று வேலையோடு நாலு வீட்டு வேலையும் ஒரே நாளில் போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

"ஒரு பொம்பள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கியளே, அவ சொன்ன எடத்த ஒரு தடவயாவது தோண்டிப் பாத்தியளா?" என்று கேட்டாள் என் மனைவி. அவளும் தேரிக்காட்டுக்காரிதான். ஆனால் என்னைப் போல வாய்க்கொழுப்புக் கிடையாது.

"தோண்டிக் காட்டுதேன், வந்து பாரு."

"நான் எதுக்கு? நீங்களே பாத்துட்டு வாங்க."

சனிக்கிழமை காலையில் கடப்பாரையோடு கிளம்பினேன். அந்தப் பெண் சொன்னது உண்மையாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் போகவில்லை. பொய் என்று நிரூபிக்கத்தான் போனேன். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

செத்துப்போன கன்று ஒன்றின் பக்கத்தில் தோண்டினேன். முழங்கை ஆழம் வரை வெறும் மணல், கொஞ்சம் ஈரம். "ஆங், சேறு எங்கே?" என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் போனதும் நிறம் மாறியது. வெள்ளை மணல் சாம்பல் நிறமாகி, அதில் அங்கங்கே துருப்பிடித்த மாதிரி செம்மஞ்சள் புள்ளிகள். மேலும் ஒரு சாண் இறங்கியதும் கடப்பாரை டொக்கென்று நின்றது. கல்லில்லை. மணலும் களிமண்ணும் சேர்ந்து பலகையாக இறுகிக் கிடந்தது. அதன்மேல் தண்ணீர். குழியின் நாலு பக்கமும் கசிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் அளவுக்கு ஏறிவிட்டது. சாக்கடை வாடை வேறு. கன்றைப் பிடுங்கினால் வேர் கறுத்துப்போய், தோல் தனியாகக் கையோடு வந்தது.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மணல்தான், ஆனால் தண்ணீர் நிற்கிறது. தண்ணீருக்குள் நிற்கிற கன்று, ஆனால் தாகத்தில் காய்ந்ததுபோல வாடுகிறது. இது என்னடா கூத்து என்று குழிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மழைக்காலத்தில் இறங்கிய தண்ணீர் அந்த இறுகலில் முட்டி, போக வழியில்லாமல் தேங்கியிருக்கிறது. அதன் தலையில் நான் வேளைக்கு ஒரு வாளி ஊற்றச் சொல்லியிருக்கிறேன். மூச்சு முட்டி வேர் அழுகியிருக்கிறது. அழுகின வேரால் எதை உறிஞ்ச முடியும்? அப்படியானால் அவள் ஒழுங்காக ஊற்றியிருக்கிறாள். கொன்றது என் அளவு. எனக்கு அவமானமாக இருந்தது.

அப்போதுதான் ஓரத்து வரிசையைப் பார்த்தேன். நாலு கன்று மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன. மறுபடியும் எல்லாம் குழம்பிவிட்டது. ஓடிப்போய் அவற்றின் பக்கத்திலும் குத்திப் பார்த்தேன். அதே சாம்பல், அதே புள்ளி, அதே இறுகல். ஈரம் மட்டும் சற்று ஆழத்தில்தான் தொடங்கியது. ஒரே மண், ஒரே நாளில் நட்டது, ஒரே ஆள் ஊற்றியது. இருபது சாகுமாம், நாலு பிழைக்குமாம். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அவகிட்டப் போய்க் கேளுங்க. போகும்போது மன்னிப்பும் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

போயிருக்கலாம். அவள் வீடு நடந்தால் பத்து நிமிடம். நாளைக்குக் கமிட்டியிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்தக் குடிசை வாசலில் போய் நின்று, நான் கத்தியது தப்பு என்று சொல்ல எனக்குக் கூச்சம். வேறு காரணம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டித் தலைவரையும் இன்னும் இரண்டு பேரையும் குழிக்கே கூட்டிப்போனேன். அவளும் வந்து தள்ளி நின்றாள். தலைவர் பஞ்சாபிக்காரர், பொறுமைசாலி. என் இந்தியில் எல்லாவற்றையும் விளக்கி, தவறு என்னுடையது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அவர் குழிக்குள் எட்டிப் பார்த்து, "அரே பாய் சாஹப், மணலில் இவ்வளவு தண்ணீரா?" என்று தலையைச் சொறிந்தார். பிறகு ஓரத்தைக் காட்டி, "அச்சா, அப்படியானால் அந்த நாலு ஏன் சாகவில்லை? அதற்கு ஊற்றினாளா இல்லையா?" என்று கேட்டார்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அந்த நாலுக்கும் ஊத்துனியாம்மா? பயப்படாமச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள். "ஊத்தல சார். எங்க குடிசைக்குக் கம்பு நடக் குழி தோண்டனப்ப இதே மண்ணுதான், ரெண்டடியில தண்ணி வந்துச்சு. ஊத்துனா செத்துடும்னு தோணுச்சு. எல்லாத்தயும் விட்டா நீங்க கண்டுபுடிச்சிடுவீங்க. அதான் ஓரத்துல நாலு மட்டும் விட்டன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பார்க்கப்போனால் என் புகார் உண்மை. அந்த நாலுக்கு அவள் ஊற்றவில்லை, பொய்யும் சொன்னாள். அந்தப் பொய்யில் நாலு பிழைத்தது. நான் ஒரு பொய்யும் சொல்லாமல் இருபதைக் கொன்றேன். யார் மேல் யார் எழுத வேண்டிய புகார் இது?

"நல்ல காரியம் பண்ணுனம்மா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவள் முகம் வெளிறியது. "இல்ல சார். ஊத்திட்டன்."

"என்னது?"

"நீங்க பொஸ்தகத்துல எழுதிட்டீங்கன்னு நேத்து சாயந்திரம் கார்டு பையா சொன்னாரு. பாஸ் போயிடுமேன்னு அந்த நாலுக்கும் பத்துப் பத்து வாளி ஊத்தனன். இன்னிக்கிக் காலையிலயும் ஊத்தனன்."

குழியைக் காட்டும் அவசரத்தில் நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இப்போது போய்ப் பார்த்தேன். நாலு பாத்தியும் சொதசொதவென்று இருந்தன. விரலை விட்டால் மணல் உள்ளே இழுத்தது. பிழைக்குமா, போய்விடுமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் தலைவர்.

"எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டாளாம்."

அவருக்கு நிம்மதி. "பஸ், போதும், ஊற்றிவிட்டாள் அல்லவா? விஷயம் முடிந்தது" என்று, விசாரணைக்காகக் காலையில் வாங்கி வைத்திருந்த பாஸை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் கலைந்து போனார்கள். அவள் பாஸை இரண்டு கையாலும் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இனிமே ஒரு வேளகூட விடமாட்டன் சார்" என்றாள்.

"ஐயையோ, ஊத்தாதம்மா! நான் சொன்னதுதான் தப்பு. இனிமே உனக்கு எப்படித் தோணுதோ அப்படியே செய்யி."

அவள் இரண்டடி பின்னால் போனாள். இதிலும் நான் ஏதோ பொறி வைக்கிறேன் என்று அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"எனக்குத் தோணறதெல்லாம் வேணாம் சார். ஊத்தணுமா வேணாமான்னு நீங்களே ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."