கரடியின் இடது கால்

அனிமேஷன் சாஃப்ட்வேரை அடுத்த வருஷத்தோடு நிறுத்தப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்த அன்று ஸ்டுடியோவில் யாரும் வேலை பார்க்கவில்லை. அதற்கு முன்னால் மட்டும் பார்த்துக் கிழித்தார்களா என்று கேட்காதீர்கள். அதில் படம் வரைகிறவர்கள் கூடும் இணையக் குழுவில் ஒரே ஒப்பாரி. ஒருவர் சாஃப்ட்வேரின் சின்னத்துக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றிப் படம் போட்டார். என் வலது கையை வெட்டிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். பாழாய்ப்போனது, உருப்படாதது என்று அதை வருஷக்கணக்காக வாய் ஓயாமல் திட்டியவர்கள்தான் சத்தமாக அழுதார்கள்.

கரடியக்கா அழவில்லை. அவளுக்கு வேறு பயம்.

குழந்தைகள் தொடர் ஒன்றில் தபால்காரக் கரடியை வரைந்து நடக்கவைப்பது அவள் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது. மற்றபடி வாசல் காவலாளி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவள் கரடியக்காதான். பையை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றும் அந்தக் கரடி இடது காலை லேசாக இழுத்து நடக்கும். ஊன்றும்போது தோள் ஒரு பக்கம் சரியும். ஒரு நடையை ஒருதரம் உருவாக்கிவிட்டால் தொடர் முழுக்க அதையே ஓட்டிக்கொள்ளலாம்.

"கரடி ஏம்மா நொண்டுது?" என்று டைரக்டர் ஆரம்பத்திலேயே கேட்டார்.

"சாஃப்ட்வேர் கோளாறு சார். இடது முட்டி லாக் ஆயிடுது. கம்பெனிக்காரங்களே கைவிட்டுட்டாங்க."

அண்டப்புளுகு. ஆனால் சாஃப்ட்வேர்மேல் எந்தப் பழியைப் போட்டாலும் ஜனங்கள் நம்பிவிடுவார்கள். அதற்கு வாயா இருக்கிறது, இல்லையென்று சொல்ல?

அது அவள் தம்பியின் நடை. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவன் இடது காலின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதெல்லாம் அவன் விழுந்துவிடுவானோ என்று பின்னாலேயே நடந்தவள் அவள். நடை என்றாலே அவள் கைக்கு வருவது அதுதான். டைரக்டரிடம் உண்மையைச் சொன்னால் 'ஐயோ பாவம்' என்பார். தம்பிக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே ஆகாது, அவளுக்கும் ஆகாது.

இப்போது கரடி புது சாஃப்ட்வேருக்குக் குடிபோகவேண்டும். குழுவே துக்கத்தில் இருக்க, டைரக்டர் மட்டும் குஷியாக வந்தார்.

"விட்டது சனியன்! இதுல முட்டி மாட்டாதாம். விசாரிச்சுட்டேன். இனிமே நம்ம கரடி ஜம்முனு நடக்கும், என்ன?"

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட பிறகு? வீட்டில் உட்கார்ந்து நேர் நடை ஒன்று வரைந்தாள். கரடி விறைப்பாக, குச்சியை முழுங்கியது மாதிரி நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மகளோடு வந்தான். குழந்தை திரையைப் பார்த்தது.

"அத்தை, இது யாரு?"

"கரடிதான்டா தங்கம்."

"இல்ல. இது வேற யாரோ" என்று சொல்லிவிட்டு அது பால்கனிக்குப் போய்விட்டது.

தம்பி நாற்காலியை இழுத்துப்போட்டு, கரடி இரண்டு தரம் போய்வரும்வரை பார்த்தான்.

"அக்கா, காலைச் சரிபண்ணிட்டியா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"என் நடை எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். நீயா சொல்லட்டும்னு விட்டுட்டேன்." பால்கனியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ஸ்கூல்ல ஒருத்தன் இவகிட்ட, உங்கப்பா ஏன் நொண்டறாருன்னு கேட்டிருக்கான். நொண்டலை, எங்கப்பா கரடி மாதிரி நடக்கறாருன்னு சொல்லியிருக்கா. இப்ப தினமும் நான் கூப்பிடப் போனா கேட்ல ஒரு கும்பலே நின்னு வேடிக்கை பார்க்குது. நானும் கொஞ்சம் அழுத்தியே நடந்து காட்டறேன்."

சிரிக்கத்தான் சொன்னான். கரடியக்கா எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்த தம்ளர்களையே மறுபடி கழுவினாள். அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

மறுநாள் டைரக்டர் பார்த்த கரடி பழையபடி காலை இழுத்துக்கொண்டு வந்தது.

"என்னம்மா இது, இதுலயுமா?"

"இதுலயும்தான் சார். முட்டி மாட்டுது."

"விடறதா இல்லை. புதுக் கம்பெனிக்கே எழுதிக் கேக்கறேன்" என்று அவர் வீடியோவோடு புகார் அனுப்பிவிட்டார். கரடியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் திறந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். பிறகு நேர் நடைதான். கேட்டில் நிற்கும் கும்பலுக்கு அந்தக் குழந்தை என்ன பதில் சொல்லும்?

வாரக் கடைசியில் பதில் வந்தது. வீடியோவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். டைரக்டர் கடுப்போடு அதை அவளுக்கு அனுப்பிவைத்தார். அவள் தம்பிக்குப் போன் போட்டு, செய்தி வாசிப்பவர் மாதிரிப் படித்துக் காட்டினாள்.

"தாங்கள் குறிப்பிட்ட கோளாறு எங்களுக்குத் தெரிந்ததே. இதைச் சரிசெய்ய இயலாது. இதோடு அனுசரித்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்."



"எனக்கும் டாக்டர் இதையேதான்க்கா சொன்னாரு" என்றான் தம்பி.