நடுவில் யாருமில்லாத கூடு

சில வருடங்களுக்கு முன், வேலூரில் நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது, ஆம்பூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மாவும் திடீரென்று போய்விட்டாள். மிஞ்சியது மூன்று பெண்கள். நான் மூத்தவள். நடுத்தங்கை ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். கடைக்குட்டி பிளஸ் டூ.

காரியத்துக்கு முந்தின நாள் மதியம் மூவரும் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். எலக்ட்ரான் கூடுகளையும் அணுக்கருக் கூடுகளையும் ஒப்பிட்டுக் கல்லூரியில் நான் ஒரு செமினார் எடுக்க வேண்டியிருந்தது. எந்த செமினாரையும் முதலில் தங்கைகளிடம் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். பாவம், அவர்களுக்குத் தப்பிக்க வழி இருந்ததில்லை. அழுது ஓய்ந்திருந்த நேரம், மனசை வேறு பக்கம் திருப்பத்தான் ஆரம்பித்தேன். இரண்டிலும் அடுக்கடுக்காகக் கூடுகள் உண்டு, ஒரு கூடு நிரம்பிவிட்டால் தனி உறுதி வரும் என்றேன். ஆனால் எலக்ட்ரான்களை நடுவில் இருக்கும் அணுக்கரு இழுத்து வைத்திருக்கிறது. அணுக்கருவுக்குள்ளே இருக்கும் புரோட்டான், நியூட்ரான்களுக்கு அப்படி நடுவில் எதுவும் கிடையாது.

"அப்ப உள்ள இருக்கறதுங்கள யாருக்கா புடிச்சி வச்சிருக்கு?" என்றாள் நடுத்தங்கை.

"அதுங்களேதான். ஒவ்வொன்னையும் மத்ததெல்லாம் சேந்து புடிச்சிக்கும். புரோட்டானுங்க ஒன்ன ஒன்னு தள்ளவும் செய்யும். அப்பவும் விடாது."

அவள் அடுத்த பூண்டை எடுத்து உரித்தாள்.

மறுநாள் காரியம் முடிந்ததும் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பேச்செடுத்தார். கடைக்குட்டி அவரோடு நாட்றம்பள்ளிக்கு, நடுத்தங்கை வாலாஜாபேட்டை சித்தி வீட்டுக்கு, நான் ஹாஸ்டலுக்கு. வீட்டைப் பூட்டிவிடலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கடைக்குட்டியின் துணிப்பை அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது.

"நடுவுல உங்கம்மா இருந்தா, சுத்தி நீங்க இருந்தீங்க. இப்ப யாரு இருக்கா?" என்றார் மாமா.

வாயாடி என்று பெயரெடுத்தவள் நான்; ஆனால் அன்று நடுத்தங்கைதான் முன்னால் வந்தாள்.

"நடுவுல யாரும் இல்லன்னாலும் நிக்கலாம் மாமா. நாங்களே ஒருத்தர ஒருத்தர் புடிச்சிக்கிறோம். சண்ட போடுவோம். ஆனா விடமாட்டோம். அக்கா படிப்புலயே அப்டிதான் இருக்குது."

"இன்னாம்மா சொல்ற?" என்று மாமா என்னைப் பார்த்தார். அணுவைப் பற்றி அவருக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனால் கடைக்குட்டி எங்கள் இருவர் கையையும் இறுக்கிப் பிடித்தபடி நின்றதைப் பார்த்தார். அந்தத் துணிப்பையை அவரே எடுத்து உள்ளே வைத்தார்.

இன்று நான் ஒரு கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். அணுக்கருவுக்கு நடுவில் யாருமில்லை என்று சொல்லும் இடம் வரும்போதெல்லாம், அம்மா இல்லாத வலியும் நாங்கள் சிதறிப் போகவில்லை என்ற நிறைவும் சேர்ந்தே வருகின்றன.